ஒருத்தர் பாடினால் கரகர, நாலு பேர் பாடினால் சுத்தம்

"ட்வீட்டர் திரும்பவும் போச்சு தம்பி. மூணு மாசத்துல இது ரெண்டாவது" என்று கீழக்கரையிலிருந்து காக்கா போன் பண்ணினார் (அந்தப் பக்கம் அண்ணனைக் காக்கா என்பார்கள்). ட்வீட்டர் என்பது ஸ்பீக்கர் பெட்டியில் மேல் சுரங்களுக்கான சின்ன ஸ்பீக்கர். சவுண்டைக் கூட்டி வைத்தீர்களா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "கீழ வீட்ல பேரப்பிள்ளை தூங்குது, நான் எங்க கூட்டி வைக்க" என்று கொஞ்சம் சூடாகவே பதில் வந்தது.

அவருடையது பெரிய ரெக்கார்டிங் ஸ்டூடியோ எல்லாம் இல்லை. கடற்கரையிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீட்டு மாடியில் ஓர் அறை. சுவரில் பழைய மெத்தை, ஜன்னலுக்கு இரட்டைக் கதவு. உள்ளே பன்னிரண்டு சேனல் மிக்சர், இருபது வயதைத் தாண்டிய பவர் ஆம்ப், ஒரு ஜோடி மானிட்டர் ஸ்பீக்கர், கம்ப்யூட்டர். பைத்து (இஸ்லாமியப் புகழ்ப்பாட்டு), மற்ற இஸ்லாமியப் பாட்டு, கல்யாண வாழ்த்து, ஜவுளிக்கடை விளம்பரம் எல்லாம் அங்கேதான் பதிவாகும். நான் ராமநாதபுரத்தில் ஆம்ப் ரிப்பேர் பார்க்கிறவன். பஸ் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் போய்விடலாம்.

சத்தமே வைக்காமல் ட்வீட்டர் எரிகிறது என்றால், காதுக்குக் கேட்காத ஏதோ ஒன்று அதற்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது என்று அர்த்தம். மனிதக் காது 20 கிலோஹெர்ட்ஸோடு நின்றுவிடும். ஆம்ப் நிற்காது. உள்ளுக்குள் ஆசிலேட் ஆக, அதாவது தானாகவே அலை எழுப்ப, ஆரம்பித்தால் நூறு, இருநூறு கிலோஹெர்ட்ஸில் கத்திக்கொண்டே இருக்கும். பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்கு ஒன்றும் ஆகாது. உயர்ந்த அலைகளை மட்டும் பிரித்து அனுப்பும் கிராஸ்ஓவர் கண்டென்சர் வழியாக அத்தனையும் ட்வீட்டரின் மெல்லிய சுருளுக்குள் போய்ச் சூடாக இறங்கும்.

போகும்போது பையில் மல்டிமீட்டரோடு ஒரு ரேடியோவையும் போட்டுக்கொண்டேன். அப்பா இலங்கை வானொலி கேட்ட இரண்டு பேண்ட் டிரான்சிஸ்டர். டயல் நூல் ஒரு தடவை மாற்றியது, மற்றபடி நன்றாக இருக்கிறது. காக்கா அதைப் பார்த்துவிட்டு, "பாட்டுக் கேக்கவா வந்தீங்க" என்றார்.

ஆசிலேஷன் தேட சிஆர்ஓ (அலையைத் திரையில் காட்டும் கருவி) வேண்டும் என்பார்கள். வேண்டும்தான். ஆனால் இருக்கிறதா இல்லையா என்று மட்டும் தெரிய மீடியம் வேவ் ரேடியோ போதும். ஆம்பை அணைத்து, ரேடியோவை அதன் மேல் வைத்து, நிலையம் இல்லாத இடத்தில் முள்ளை நிறுத்தினால் வெறும் 'உஸ்' கேட்கும். ஆம்பைப் போட்டேன். முள்ளை மெதுவாக நகர்த்தினேன். டயலில் 600 கிலோஹெர்ட்ஸ் பக்கத்தில் 'உஸ்' அடங்கி 'ம்ம்ம்' என்று ஓர் உறுமல். அப்புறம் பழைய 'உஸ்'. 720 பக்கத்தில் மறுபடி உறுமல். 840 பக்கத்தில் இன்னொன்று. ஆம்பை அணைத்தால் மூன்றும் காணாமல் போகின்றன.

இதில் ஒரு வசதி என்னவென்றால், அடுத்தடுத்த உறுமல்களுக்கு நடுவே உள்ள இடைவெளிதான் ஆசிலேஷனின் அடிப்படை அலைவெண். ரேடியோவில் கேட்டதெல்லாம் அதன் மடங்குகள். ஆக ஆம்ப் ஏறத்தாழ 120 கிலோஹெர்ட்ஸில் பாடிக்கொண்டிருக்கிறது. பிறகு கடையில் சிஆர்ஓவில் பார்த்தபோது 118 வந்தது. அப்பாவின் ரேடியோ மோசமில்லை.

ஆம்பைக் கடைக்குத் தூக்கி வந்தேன். சீரிஸ் போர்டில் 60 வாட் பல்பைத் தொடராகப் போட்டு, அதன் வழியாக மின்சாரம் கொடுத்தேன். சிக்னல் இல்லாத ஆம்புக்குப் பல்பு ஒரு தடவை பளிச்சிட்டு அணைந்துபோக வேண்டும். இது மங்கலாக எரிந்துகொண்டே இருந்தது. ஐந்து நிமிடத்தில் ஹீட்சிங்க் (சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடு) தொட முடியாத சூடு. திறந்து பார்த்தால் அவுட்புட்டில் ஸ்பீக்கருக்கு முன்னால் இருக்கும் 10 ஓம் ரெசிஸ்டர் கரிக்கட்டை.

இந்த ரெசிஸ்டரும் அதோடு தொடராக இருக்கும் 100 நானோஃபாரட் கண்டென்சரும் சேர்ந்ததுதான் ஸோபெல். நீளமான வயர், ஸ்பீக்கர் சுருள் எல்லாம் உயர் அலைவெண்ணில் ஆம்புக்கு விசித்திரமான சுமையாகத் தெரியும். அந்த இடத்தில் ஒரு நல்ல 10 ஓமைக் காட்டி ஆம்பைச் சமாதானப்படுத்துவதுதான் ஸோபெல்லின் வேலை. சாதாரணப் பாட்டுக்கு அதில் ஒன்றும் பெரிதாக ஓடாது. 120 கிலோஹெர்ட்ஸில் கண்டென்சரின் தடை 13 ஓம்தான். அவுட்புட்டில் 10 வோல்ட் ஆசிலேஷன் இருந்தால் 0.6 ஆம்பியர் ஓடும், ரெசிஸ்டரில் 3.6 வாட் இறங்கும். போட்டிருந்தது அரை வாட். எரியாமல் என்ன செய்யும்?

புதிதாக எரிந்த ரெசிஸ்டரைப் பார்த்ததும் 'ஆஹா, இதுதான்' என்று மாற்றிவிட்டு மூடத் தோன்றும். முதல் ட்வீட்டர் போனபோது பார்த்தவர் அப்படித்தான் செய்திருக்கிறார் என்று சால்டரைப் பார்த்தாலே தெரிந்தது. அந்த ஒரு ரெசிஸ்டரின் காலில் மட்டும் ஈயம் பளபளத்தது. நானும் 2 வாட் ஒன்றைப் போட்டுப் பார்த்தேன். சிஆர்ஓவில் அலை பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை. ஒரு நிமிடத்தில் ரெசிஸ்டர் கொதித்தது.

காரணம் ஹீட்சிங்கை ஒட்டி நின்ற இரண்டு 100 மைக்ரோஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்கள். இருபது வருடமாக அடுப்புப் பக்கத்தில் உட்கார்ந்து உள்ளே காய்ந்துவிட்டன. மீட்டர் 30 காட்டியது. பவர் சப்ளையின் பெரிய கண்டென்சர்கள் ஒரு முழம் வயருக்கு அப்பால் இருக்கின்றன. அந்த வயரே உயர் அலைவெண்ணில் ஒரு சுருள். பக்கத்தில் இருக்கும் இந்தச் சின்னக் கண்டென்சர்கள் செத்தால் அவுட்புட் டிரான்சிஸ்டர் இழுக்கும் கரன்ட் சப்ளையை ஆட்டும், சப்ளை முன் கட்டங்களை ஆட்டும், அது சுற்றிவந்து அவுட்புட்டை ஆட்டும். 105 டிகிரி கண்டென்சர் இரண்டு போட்டு, கூடவே 100 நானோஃபாரட் ஃபிலிம் ஒன்றொன்று சேர்த்தேன். கோடு நேரானது. பல்பு அணைந்தது. ஹீட்சிங்க் வெதுவெதுப்போடு நின்றது.

இதோடு முடிந்தது என்று ஆம்பைக் கொண்டுபோய் மாட்டினேன். காக்கா ஹெட்ஃபோனை எடுத்து நீட்டினார். "இந்தக் கரகர மட்டும் அப்படியே இருக்கே?"

எந்தக் கரகர? ட்வீட்டர் போன கோபத்தில் அதை அவர் தனியாகச் சொல்லவே இல்லை. குரல் பதிவில், உயர்ந்து பாடும் இடங்களில் மட்டும், மணலைக் கண்ணாடியில் தேய்த்தது போல ஒரு சத்தம். அவரும் அது ட்வீட்டர் கோளாறு என்றே நினைத்திருக்கிறார். ஆனால் ஹெட்ஃபோன் பவர் ஆம்ப் வழியாக வருவதில்லை. பதிவான கோப்பிலேயே கரகர இருக்கிறது.

வந்த வேலை பெருகுகிறது என்றதும் காக்கா வீட்டு லாத்தா (அக்கா) டீயும் ஒரு தட்டில் தொதல் என்ற இனிப்பும் அனுப்பினார். கீழக்கரைத் தொதலைத் தின்று முடிக்க நேரமாகும், பல்லில் ஒட்டும். அந்த நேரத்தில் காக்கா சொன்ன ஒரு வரிதான் மொத்த வேலையையும் திறந்துவிட்டது. "நாலு பேர் சேந்து பைத்து பாடினா சுத்தமா வருது தம்பி. ஒருத்தர் தனியா பாடினாத்தான் கரகரங்குது."

நான் முதலில் நம்பவில்லை. நாலு பேர் சத்தத்தில் கரகர மறைந்துபோகும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். சோதித்துப் பார்த்தேன். ஒரே மைக், ஒரே ஆள். மற்ற சேனல்களின் அசைன் பட்டன்களை (சேனலை மெயின் அவுட்புட்டில் சேர்ப்பவை) அமுக்காமல் வைத்தால் கரகர. எல்லாப் பட்டனையும் அமுக்கி, அந்தச் சேனல்களின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கீழே இறக்கி வைத்தால் சுத்தம். மைக் கூட மாட்டாத சேனல்கள்! பட்டனை அமுக்கினாலே போதும். இன்னொன்றும் கண்ணில் பட்டது: ஒரே ஒரு பட்டன் அமுங்கியிருக்கும்போது, யாரும் பாடாமலேயே மிக்சரின் லெவல் மீட்டரில் அடி விளக்கு மங்கலாக எரிந்தது.

பதிவுக் கோப்பைக் கம்ப்யூட்டரில் அலசினேன். மிக்சரைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் இன்டர்ஃபேஸ் 96 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் அதன் பாதி, 48 வரைதான் பார்க்க முடியும். அங்கே ஒன்றுமில்லை. ரேடியோவை மிக்சர் மேல் வைத்தேன். மீடியம் வேவ் முழுக்க அமைதி. அப்படியானால் 1600 கிலோஹெர்ட்ஸுக்கு மேலே.

அடுத்த வாரம் சிஆர்ஓவைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். 20 மெகாஹெர்ட்ஸ் பழைய பெட்டி. கண்டக்டர் அதற்கு லக்கேஜ் போட்டார். மிக்சரின் மெயின் அவுட்புட் ஐசியின் ஒன்றாம் காலில் சிஆர்ஓவின் தொடுமுனையான புரோபை வைத்ததும் திரையில் தடித்த பச்சைப் பட்டை. நேரத்தை விரித்தால் 2 மெகாஹெர்ட்ஸில் அழகான சைன் அலை. புரோபைச் சுற்றுக்குச் சுமை குறைந்த 10எக்ஸ் நிலையில் வைத்துத்தான் தொட வேண்டும். 1எக்ஸில் கேபிளின் நூறு பிகோஃபாரட் போய்ச் சுற்றோடு சேர்ந்து, இல்லாத வியாதியையும் கொடுத்துவிடும். கிரவுண்டு கிளிப்பின் நீள வயரையும் கழற்றிவிட்டு, புரோப் நுனியில் சுருள் கம்பி மாட்டி அதே ஐசியின் பக்கத்துக் கிரவுண்டில் வைத்தேன். அலை அப்படியே இருந்தது. அப்போதுதான் அது உண்மையென்று ஒப்புக்கொண்டேன்.

அசைன் பட்டன்களை ஒவ்வொன்றாக அமுக்கச் சொன்னேன். மூன்றாவது பட்டனில் அலை துடித்தது. நாலாவதில் திரையில் ஒற்றைக் கோடு. காக்கா முகத்தில் நான் ஏதோ மந்திரம் செய்ததுபோல ஒரு சிரிப்பு.

இனி கொஞ்சம் கசப்பான பகுதி. அந்த ஐசியைப் போட்டது நான்தான். ஒன்றரை வருடம் முன்னால் காக்கா, "எல்லாரும் ஐசி மாத்தினா சவுண்டு தெளிவா இருக்குங்குறாங்களே" என்று கேட்க, டிஎல்072 இருந்த இடங்களில் எல்எம்4562 போட்டேன். நல்ல ஐசிதான், இரைச்சல் குறைவு. ஆனால் டிஎல்072 வேகம் 3 மெகாஹெர்ட்ஸ், எல்எம்4562 வேகம் 55. மாட்டுவண்டிக்குப் பூட்டிய கயிற்றில் ரேஸ் குதிரையைக் கட்டுவதற்குச் சமம். சப்ளையில் கரன்டும் கூடுகிறது; ஒரு ஐசிக்கு 3 மில்லி ஆம்பியர் போன இடத்தில் 10. அதனால் தொட்டுப் பார்த்துச் சூட்டை வைத்துக் கோளாறைக் கண்டுபிடிக்கவும் முடியாது, எல்லாமே சூடாகத்தான் இருக்கும்.

ஆனால் போட்ட அன்று சோதித்தேன். சிஆர்ஓவில் ஒன்றுமில்லை. அதையும் சொல்லிக்கொள்கிறேன். அப்புறம் என்ன மாறியது?

மிக்சரின் எல்லாச் சேனல்களும் ஆளுக்கொரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரே கம்பியில் சேருகின்றன. அந்தக் கம்பி மிக்சரின் நீளம் முழுக்க ஓடி ஐசியின் இரண்டாம் காலில் முடிகிறது. இவ்வளவு நீளக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் இடையே 200 பிகோஃபாரட்டாவது இருக்கும். ஐசியின் அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் ரெசிஸ்டர் வழியாகத் திரும்பி வரும் சிக்னல் முதலில் அந்த 200 பிகோஃபாரட்டை நிரப்பியாக வேண்டும். அதனால் தாமதமாக வருகிறது. ஃபீட்பேக் என்பது 'அதிகமாகப் போகிறாய், குறை' என்று பின்னாலிருந்து சொல்வது. 1927 ஆகஸ்ட் 2 அன்று ஹாரல்ட் பிளாக் என்ற பொறியாளர் நியூயார்க்குக்கு வேலைக்குப் போகும் ஃபெர்ரிப் படகில் வைத்து, கையிலிருந்த செய்தித்தாள் மேலேயே கிறுக்கி உருவாக்கிய யோசனை இது. சொல்கிறவர் சரியான நேரத்தில் சொன்னால் ஆம்ப் ஒழுங்காக இருக்கும். தாமதித்துச் சொன்னால், அது குறையத் தொடங்கிய பிறகு 'குறை' என்பார், கூடத் தொடங்கிய பிறகு 'கூட்டு' என்பார். கல்யாண மண்டபத்தில் மைக் கூவுவது போல ஐசி தனக்குத்தானே கூவ ஆரம்பிக்கும்.

பட்டன் விஷயமும் இதில்தான் இருக்கிறது. பன்னிரண்டு சேனலும் சேர்ந்திருக்கும்போது பன்னிரண்டு ரெசிஸ்டரும் பக்கவாட்டில் நின்று, கூடவே ஃபீட்பேக் ரெசிஸ்டரும் சேர, அந்தக் கம்பிக்கு 770 ஓம்தான் தடை. 200 பிகோஃபாரட் சீக்கிரம் நிரம்பும். ஒரே சேனல் என்றால் 5000 ஓம். மெதுவாக நிரம்பும், தாமதம் கூடும். ஆசிலேட் ஆகும் எல்லைக்கு இன்னும் எத்தனை டிகிரி தாமதம் மிச்சம் என்று காகிதத்தில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்: பன்னிரண்டுக்கும் சேர்த்து ஏறத்தாழ 28 டிகிரி மிச்சம் நிற்கிறது, ஒன்றே ஒன்று என்றால் 4 டிகிரி. நாலு டிகிரியில் எதுவும் நிற்காது. அதே கணக்கை டிஎல்072க்குப் போட்டால் ஒரு சேனலிலும் 18 டிகிரி மிஞ்சும், தள்ளாடினாலும் விழாது. அலைவெண்ணும் 2 மெகாஹெர்ட்ஸ் பக்கம்தான் கணக்கில் வந்தது. அது வந்தபோது வந்த சந்தோஷத்தில் ஆறிப்போன டீயைக் குடித்துவிட்டேன்.

மிக்சர் செய்தவர்கள் இதைத் தெரிந்துதான் ஃபீட்பேக் ரெசிஸ்டருக்குப் பக்கவாட்டில் 22 பிகோஃபாரட் செராமிக் வைத்திருந்தார்கள். தாமதமாகும் வேகமான பகுதியை மட்டும் குறுக்கு வழியில் அனுப்பிவிடும் சின்னக் கண்டென்சர். அது போர்டில் இருந்தது. பழுப்பு வட்டு, இரண்டு கால், ஒன்றும் உடையவில்லை. என் கையடக்க டெஸ்டர் 25 பிகோஃபாரட்டுக்குக் கீழே படிக்காது, அதனால் அளக்கவும் வழியில்லை. சாமணத்தால் லேசாக அசைத்தேன். ஒரு கால் வட்டோடு சேரும் இடத்தில் உதிர்ந்தது. உள்ளே செம்பழுப்புத் தூள்.

விலை குறைந்த செராமிக் கண்டென்சர்களின் கால் செம்பாக இருப்பதில்லை. இரும்புக் கம்பி மேல் செம்பும் ஈயமும் பூசியது. காந்தத்தைக் காட்டினால் ஓடி வந்து ஒட்டும். வளைத்த இடத்தில் பூச்சு விண்டிருக்கும், அங்கே உப்பு நுழையும். கீழக்கரை தெற்குப் பார்த்த கடல். சோழகம் என்னும் தென்காற்று அடிக்கும் மாதங்களில் மேசையைத் துடைத்து ஒரு மணி நேரத்தில் கையில் பிசுபிசுக்கும். பாம்பன் பக்கம் பழைய ரயில் பாலத்தையே உப்பு தின்றது, புதுப் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் தனிப் பெயின்டும் தேவைப்பட்டன. அரை மில்லிமீட்டர் கம்பி எம்மாத்திரம்? நான் ஐசி மாற்றிய அன்று அந்தக் கால் உயிரோடு இருந்திருக்கிறது. ஒரு சோழகம் தாண்டியதும் அறுந்திருக்கிறது. பழைய ஐசியாக இருந்தால் அறுந்தது யாருக்கும் தெரிந்திருக்காது.

22 பிகோஃபாரட்டில், சூட்டில் மதிப்பு மாறாத என்பிஓ ரகம் ஒன்றை எடுத்து, பற்ற வைப்பதற்கு முன் சாமணத்தில் பிடித்து ஒன்றாம் காலுக்கும் இரண்டாம் காலுக்கும் குறுக்கே வைத்தேன். பச்சைப் பட்டை மடிந்து கோடானது. எடுத்தால் பட்டை, வைத்தால் கோடு. காக்காவிடம் சாமணத்தைக் கொடுத்தேன், அவரும் மூன்று தடவை செய்து பார்த்தார். பிறகு போர்டின் அடியில் காலைக் குட்டையாக வெட்டிப் பற்றவைத்தேன். மின்சாரம் வரும் எட்டாம் காலுக்கும் நாலாம் காலுக்கும் நடுவே 100 நானோஃபாரட்டையும் ஐசிக்கு நேர் கீழே வைத்தேன். அதை ஒன்றரை வருடம் முன்பே செய்திருக்க வேண்டும். அவுட்புட்டில் 47 ஓம் ஏற்கெனவே இருந்தது. இல்லாத மிக்சர்களில் நீளக் கேபிள் மாட்டினாலே இதே கூத்து நடக்கும்.

மூடப்போகும் நேரத்தில் ஹெட்ஃபோனில் 'டப டப டப' என்றது. எனக்கு வயிற்றைக் கலக்கியது. சப்ளைக் கண்டென்சர் காய்ந்தால் ஆம்ப் ஒரு வினாடிக்குச் சில தடவை இப்படித் துடிக்கும், மோட்டார் போட்டிங் என்றே அதற்குப் பெயர். சப்ளையை அளந்தேன், அசையவில்லை. ஒவ்வொரு ஃபேடராக இறக்கினேன். மூன்றாம் சேனலை இறக்கினால் நிற்கிறது. மைக்கையா, கேபிளையா என்று நான் பார்த்துக்கொண்டிருக்க, காக்கா எழுந்துபோய் ஜன்னலின் இரண்டாவது கதவைச் சாத்தினார். சத்தம் நின்றது. படகுத்துறையிலிருந்து மோட்டார் வல்லம் (மீன்பிடிப் படகு) ஒன்று புறப்பட்டுப் போயிருக்கிறது.

அன்று சாயங்காலமே ஒரு பையனை வரவழைத்துத் தனியாகப் பாடவைத்தார். மேல் சுருதியில் நீட்டி நிறுத்தும் இடத்தை நாங்கள் நாலைந்து தடவை போட்டுக் கேட்டோம். மணல் சத்தம் இல்லை. மீட்டரின் அடி விளக்கும் எரியவில்லை.

வேலை இன்னும் மிச்சம் இருக்கிறது. அதே வட்டுச் செராமிக் சேனலுக்கு இரண்டு வீதம் இருபத்து நாலு இருக்கின்றன. காந்தம் காட்டினேன், அத்தனையும் ஒட்டின. நாலைந்தை அசைத்துப் பார்த்ததில் ஒன்று கையோடு வந்தது. சேனல்களில் நான் போட்ட எல்எம்4562களை எடுத்துவிட்டு, பழைய டிஎல்072களையே திரும்பப் போடப் போகிறேன். டப்பாவில் பத்திரமாக வைத்திருக்கிறேன், காக்கா அதற்கு ஒப்புக்கொண்டார். கூலி மெயின் ஐசி வேலைக்கு வாங்கவில்லை, ஆம்புக்கு மட்டும் வாங்கினேன். திரும்பும் பஸ்ஸில் சிஆர்ஓவுக்கு மறுபடியும் லக்கேஜ் போட்டார்கள்.